மலாக்கா ஓவியங்களில் மலர்ந்த அறிவியல்

அரும்பொருளகத்திற்குச் செல்பவர்கள் ஓவியங்களின் வண்ணத்தையும் அழகையும் ரசித்துவிட்டுத் திரும்புவது வழக்கம். கலை வேறு, அறிவியல் வேறு என்ற எண்ணம் பள்ளிப் பருவத்திலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது. சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்திடம் உள்ள 477 ஓவியங்கள் அந்த எண்ணத்தை மாற்றக்கூடியவை.

ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் ஃபார்குவார் 1803 முதல் 1818 வரை மலாக்காவை நிர்வகித்தவர். 1819இல் சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்றவரும் இவரே. மலாக்காவில் இருந்தபோது, இவ்வட்டாரத்தின் செடிகொடிகள், பழங்கள், பறவைகள், விலங்குகள், மீன்கள் ஆகியவற்றைச் சீன ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார்.

ஏன் ஓவியம்? நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான். பறித்த பூ வாடிவிடும். பிடித்த மீனைச் சாராயத்தில் இட்டுப் பாதுகாத்தாலும் அதன் நிறம் மங்கிவிடும். ஐரோப்பாவுக்குக் கப்பல் போய்ச் சேரவோ பல மாதங்கள் ஆகும். எனவே இலையின் நரம்பையும் செதிளின் வரிசையையும் இறகின் நிறத்தையும் உள்ளது உள்ளபடி பதிவு செய்ய, ஓவியரின் கண்ணும் கையும் தேவைப்பட்டன. பல ஓவியங்களில் மலாய்ப் பெயர்களும் குறிக்கப்பட்டுள்ளன. இந்த மண்ணின் மக்களுடைய அறிவும் அவற்றில் கலந்திருக்கிறது.

இத்தொகுப்பில் உள்ள தாப்பிர் ஓவியத்திற்கு ஒரு வரலாறு உண்டு. முன்பாதி கறுப்பும் முதுகுப்புறம் வெள்ளையுமாகத் தோன்றும் இவ்விலங்கை மலாய்க்காரர்கள் தெனுக் என்பார்கள். அக்கால ஐரோப்பிய அறிஞர்கள் தாப்பிர் அமெரிக்கக் கண்டத்தில் மட்டுமே உண்டு என்று கருதினர். பெரிய நாற்கால் விலங்குகள் இனிப் புதிதாகக் கிடைப்பது அரிது என்று பிரெஞ்சு அறிஞர் கூவியே 1812இல் எழுதியிருந்தார். ஃபார்குவாரோ 1816இல் மலாயாத் தாப்பிரைப் பற்றிய விவரங்களைக் கல்கத்தாவின் ஆசியக் கழகத்திற்கு அனுப்பினார். அது அச்சேறும் முன்பே, 1819இல் பிரான்சின் தெமாரே அவ்விலங்குக்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். இன்றும் அந்தப் பெயரை அடுத்து தெமாரேயின் பெயரே எழுதப்படுகிறது.

ஃபார்குவார் 1820களில் இந்த ஓவியங்களை லண்டனின் அரச ஆசியக் கழகத்திடம் ஒப்படைத்தார். 1993இல் அவை ஏலத்திற்கு வந்தன. சிங்கப்பூர்ப் பங்குத் தரகர் கோ கியோக் கிம் சுமார் 30 லட்சம் வெள்ளிக்கு வாங்கித் தேசிய அரும்பொருளகத்திற்கு நன்கொடையாக அளித்தார்.

விலங்கின் அறிவியல் பெயரில் ஃபார்குவார் இடம்பெறவில்லை. ஆயினும் ஓவியத் தொகுப்பு அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. வரைந்தவர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை; அவர்கள் யார் என்பதே தெரியவில்லை. பாறையையும் கிளையையும் சீன மரபில் தீட்டிய பாணி ஒன்றே அவர்களின் கையொப்பமாக நிற்கிறது.

கூர்ந்து பார்ப்பதில்தான் அறிவியல் தொடங்குகிறது. அந்தப் பார்வை மலாக்கா ஓவியர்களிடம் இருந்தது. அரும்பொருளகத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், ஓவியத்தின் அழகோடு இதையும் எடுத்துச் சொல்லலாம்.