கயிற்றில் கோத்த கோப்பு

கணிப்பொறியை இயக்கியவுடன் அதன் திரையில் மஞ்சள் நிறமுடைய சிறிய உறைகள் வரிசையாகத் தோன்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஓர் உறையைச் சுட்டி இருமுறை அழுத்தினால் அது திறக்கிறது. உள்ளே வேறு உறைகளும் கோப்புகளும் காணப்படுகின்றன. இவ்வசதியைத் தரும் மென்பொருளைக் கோப்பு மேலாளர் என்பர். ஒரு தாளும் இல்லாத பொறிக்குள் தாள் வைக்கும் உறையின் படம் எவ்வாறு வந்தது? இவ்வினாவிற்கு விடை காண முற்பட்டால், அது நம்மை ஏட்டுச்சுவடிக் காலம் வரை அழைத்துச் செல்கிறது.

முதற்கண் சொல்லை நோக்குவோம். கோப்பு என்பது ‘கோ’ என்னும் வினையடியாகப் பிறந்தது. பூவைக் கோக்கிறோம், மணியைக் கோக்கிறோம். பனையோலையில் துளையிட்டுக் கயிற்றில் கோத்து வைத்ததே நம் முன்னோரின் சுவடி. வியப்பு யாதெனில், ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஃபைல்’ என்னும் சொல்லும் நூல், இழை எனப் பொருள்படும் ‘ஃபீலும்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்தே வந்தது. ஐரோப்பிய அலுவலகங்களில் கடிதங்களைக் கயிற்றிலோ கம்பியிலோ கோத்துத் தொங்கவிட்டனர். தொலைவில் வாழ்ந்த இரு மக்களும் ஒரே தேவைக்கு ஒரே வழியைக் கண்டனர். சிதறக்கூடியதைக் கோத்து வைக்க வேண்டும் என்பதே அத்தேவை.

கயிற்றில் கோத்தவற்றுள் நடுவிலுள்ள ஒன்றை எடுப்பது கடினம். அரசாங்கமும் வணிகமும் பெருகிய காலத்தில் தாள்கள் மலைபோற் குவிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தடித்த அட்டை உறைகளில் தாள்களை இட்டு, இழுப்பறையில் செங்குத்தாக நிறுத்தி, உறையின் விளிம்பில் பெயரெழுதும் முறை அமெரிக்க நாட்டில் பரவிற்று. நம் மாநிலத்திலும் பழைய அரசு ஆவணங்களைப் பேணும் பொருட்டுச் சென்னை எழும்பூரில் 1909ஆம் ஆண்டு ஆவணக் காப்பகத்திற்கெனத் தனிக் கட்டடம் எழுந்தது. ஆவணம் இருந்தால் மட்டும் போதாது; வேண்டும்போது அது கைக்கு எட்டவேண்டும் என்பதை உலகம் உணர்ந்துகொண்டது.

கணிப்பொறியிலும் அதே சிக்கல் எழுந்தது. 1965ஆம் ஆண்டில் ‘மல்ட்டிக்ஸ்’ என்னும் அமைப்பை வகுத்த அறிஞர்கள், கோப்புகளை மரத்தின் கிளைகளைப் போல அமைக்கும் முறையை விளக்கினர். ஆயினும் அக்காலத்தில் அவற்றை அடையக் கட்டளைகளை மனப்பாடமாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. 1981ஆம் ஆண்டு செராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டார்’ என்னும் பொறி, அலுவலக மேசையையே திரையில் வரைந்து காட்டிற்று. உறை, இழுப்பறை, கடிதத் தட்டு ஆகிய எல்லாம் அங்கே படங்களாயின. 1984இல் ஆப்பிள் நிறுவனத்தின் மக்கின்டோஷ் பொறி இம்முறையைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. அம்முதற்பொறியில் உறைகள் வெறும் தோற்றமே. வட்டில் கோப்புகள் யாவும் ஒரே குவியலாகக் கிடந்தன. மறு ஆண்டில்தான் உறைக்குள் உறை என்னும் அமைப்பு அதன் வட்டிலும் உண்மையாயிற்று. 1990இல் வெளிவந்த விண்டோஸ் 3.0 கோப்பு மேலாளருடன் வந்தது. 1995ஆம் ஆண்டின் விண்டோஸ் அதனை மேலும் எளிதாக்கியது.

இவ்வமைப்பை விளக்க ஒரு மலைச்சாலையைக் காட்டுவேன். தேனியிலிருந்து போடிநாயக்கனூர், அங்கிருந்து முந்தல், பின்னர்க் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டு, அதற்கப்பால் பூப்பாறை. இவ்வூர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னால் அதுவே வழி. கோப்பு மேலாளரின் தலைப்பில் தோன்றும் வரியும் அத்தகையதே; எந்த உறைக்குள் எந்த உறை, அதனுள் எந்தக் கோப்பு என்று அது முறையாகச் சொல்கிறது. போடிமெட்டில் நிற்பவர் குரங்கணிக்குச் செல்ல வேண்டுமாயின், முந்தலுக்குத் திரும்பி வந்து மற்றொரு கிளைச் சாலையில் ஏறுதல் வேண்டும். கணிப்பொறியிலும் ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குச் செல்லும் வழி, பிரிந்த இடத்திற்கு மீள்வதே.

அம்மலைச் சரிவின் ஏலக்காய்க்குப் போடி பெருஞ்சந்தை. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் போடியிலும், இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் ஏலம் கணிப்பொறி வழியே நடைபெறுகிறது. அவ்வூர்க் கடையொன்றில் நான் ஒருமுறை அமர்ந்திருந்தபோது, தோட்டக்காரர் ஒருவர் முந்திய ஆண்டின் எடைச் சீட்டைக் கேட்டு வந்தார். கணக்கு எழுதும் இளைஞர் திரையைப் பார்த்துத் திகைத்தார். சீட்டுகள் எல்லாம் ‘புதியது’, ‘புதியது இரண்டு’ என்னும் பெயர்களோடு ஒரே இடத்தில் குவிந்திருந்தன. மூலையில் இருந்த முதிய கணக்குப்பிள்ளை எழுந்து, ஆண்டுவாரியாக அடுக்கிய பேரேடுகளுள் ஒன்றை உருவி, உரிய பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார். “தம்பி, காயைச் சல்லடையில் பருமன் பார்த்துப் பிரிக்கிறோமே, கணக்கையும் அப்படிப் பிரித்து வைக்கக் கூடாதா?” என்று அவர் கேட்டார். பொறி குறையுடையதன்று; வகைப்படுத்தும் பழக்கமே அங்கே இல்லை. ஆண்டுக்கு ஓர் உறை, அதனுள் தோட்டத்திற்கு ஓர் உறை, கோப்பின் பெயரில் நாள் என்று அமைத்திருப்பின், அச்சீட்டு நான்கு அழுத்தங்களில் கிடைத்திருக்கும். ஓர் உழவரின் ஆண்டு வருவாய் அச்சீட்டில் அடங்கியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இக்கல்வி தமிழிலேயே கிடைப்பதற்கும் பலர் உழைத்தனர். 1991இல் யூனிக்கோடு குறிமுறையின் முதற்பதிப்பில் தமிழ் எழுத்துகள் இடம் பெற்றன. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ் விசைப்பலகைக்கு ஒரு பொது அமைப்பு வகுக்கப்பட்டது. ஆர்வலர் பலர் ஊதியம் கருதாது கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கினர். கோப்பு, கோப்புறை, அடைவு என்னும் சொற்கள் திரையில் ஏறின. 2011ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, வீட்டில் கணிப்பொறியைக் கண்டிராத சிற்றூர் மாணவர் பலரும் தமக்கென ஓர் உறையைத் திறந்து பெயரிட்டனர்.

இன்றோ கைப்பேசியின் காலம். 2007இல் வெளிவந்த ஐஃபோன் கோப்புகளின் இருப்பிடத்தையே பயனாளரின் கண்ணினின்று மறைத்தது. கோப்புகளைப் பார்ப்பதற்கென ஒரு செயலியை ஆப்பிள் அதில் சேர்த்தது 2017இல்தான். தேடினால் கிடைக்கும்போது அடுக்குவது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பெயர் நினைவிருந்தால் தேடலாம். பெயரே மறந்தால் யாது செய்வது? கைப்பேசி பழுதுற்றால் எதை எங்கிருந்து மீட்பது? தன் பொருள் இருக்குமிடம் அறியாதவன் அதற்கு முழு உரிமையாளன் ஆகான்.

ஆகவே இளைஞர்களே, உங்கள் மதிப்பெண் சான்றிதழின் படி, உதவித்தொகைக் கடிதம், வீட்டுப் பட்டாவின் நகல் ஆகியவற்றிற்குத் தனித்தனி உறை அமையுங்கள். பொருள் விளங்கும் பெயரிடுங்கள். வேறோர் இடத்திலும் ஒரு படி வையுங்கள். ஓலையைக் கோத்தவர்கள் நமக்கு விட்டுச் சென்ற பாடம் அதுவே.