மேகம் இருந்தும் மழை இல்லையே, ஏன்?

தளிக்குப் பக்கத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கும் காட்டு ஊர் ஜவளகிரி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் இடம். (தெலுங்கில் மழைக்குப் பெயரே 'வான'!) இந்தப் பக்கம் ராகி பெரும்பாலும் மானாவாரிதான். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து மேகங்கள் கூட்டம் கூட்டமாக வரும். சில நாள் ஒரு துளிகூட விழாமல் அப்படியே கிழக்கே போய்விடும். மேகம் வந்தும் மழை ஏன் வரவில்லை? இந்தச் சின்னக் கேள்விக்கு விஞ்ஞானம் பதில் கண்டுபிடித்து இன்னும் நூறு ஆண்டுகூட ஆகவில்லை நண்பர்களே.

மேகம் நீரை முகந்து மலையில் பொழிகிறது என்பது சங்க காலத்திலேயே தெரியும், பட்டினப்பாலையில் இருக்கிறது. அர்த்தசாஸ்திரம் பண்டகசாலையில் மழையை அளக்கப் பாத்திரம் வைக்கச் சொல்கிறது. ஆனால் மேகத்துக்குள் என்ன நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. 1875-ல் பிரான்சின் கூலியே, 1880-களில் ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன் இருவரும் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். நீராவி துளியாக மாற அதற்கு ஒட்டிக்கொள்ள ஒரு தூசு வேண்டும். தூசோ, கடல் உப்போ, புகையோ, ஏதோ ஒன்று.

சரி, துளி வந்துவிட்டது. ஆனால் அது மழைத்துளி அல்ல. மேகத்துளியின் குறுக்களவு சுமார் 0.02 மில்லிமீட்டர். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில்தான் இறங்கும்; மேலே எழும் காற்று அதைத் தாங்கிப் பிடித்துவிடும். 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று உருவாக இப்படிப்பட்ட பத்து லட்சம் துளிகள் சேர வேண்டும். எப்படிச் சேர்கின்றன?

இங்கேதான் டோர் பெர்ஜரான் வருகிறார். ஸ்வீடன்காரர். 1922-ல் நார்வேயின் ஆஸ்லோ நகருக்கு மேலே வோக்சன்கொல்லன் என்ற மலையில் தங்கியிருந்தார். காட்டுப் பாதையில் நடக்கும்போது ஒன்றைக் கவனித்தார். வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் பனிமூட்டம் தரைவரை இறங்குகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 5, 10 டிகிரி இருந்தால் மரங்களுக்கு மேலேயே நின்றுவிடுகிறது! பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் மேகத்துளிகள் உடனே உறைவதில்லை, நீராகவே இருக்கும். ஆனால் மரக்கிளைகளில் பனிக்கட்டி படிந்திருக்கிறது. நீரைவிடப் பனிக்கட்டி ஆவியைச் சுலபமாக இழுத்துக்கொள்ளும். அதனால் துளிகள் ஆவியாகிக் காலியாக, கிளைகளில் பனி வளர்கிறது. மேகத்திலும் இதுதான் நடக்குமோ என்று யோசித்தார். ஒரு பனிப்படிகம், சுற்றிலும் ஆயிரக்கணக்கான துளிகள். படிகம் பெருத்து விழும், வழியில் உருகி மழையாகும். ஜெர்மனியின் வேகனர் 1911-லேயே இந்தப் பனி விதியை எழுதியிருந்தார். (கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன அதே வேகனர்தான்.) பெர்ஜரான் அதை மழைக்குப் பொருத்தி 1933-ல் லிஸ்பன் மாநாட்டில் வைத்தார்.

சித்திரை, வைகாசியில் ஓசூர் பக்கம் மாலையில் இடியோடு வரும் ஆலங்கட்டி மழைக்கும் பனிதான் அடிப்படை. அந்த மேகங்கள் 10 கிலோமீட்டருக்கும் மேலே எழும்புகின்றன. நம் வானத்தில் பூஜ்ய டிகிரி இருப்பது சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில். அதற்கு மேலே உறையாத துளிகள் பனி உருண்டையில் மோதி ஒட்டி ஒட்டிக் கட்டியாகின்றன.

அப்படியானால் அந்த உயரத்தைத் தொடாத ஆடி மேகம் எப்படிப் பெய்யும்? பெர்ஜரானின் பதில் இங்கே போதாது. பெரிய துளி வேகமாக இறங்கி, சின்னத் துளிகளை மோதி விழுங்கி வளர்கிறது என்பது 1940-களின் கடைசியில் லாங்மூர், போவன் போன்றவர்கள் கணக்குப் போட்டுக் காட்டியது. எல்லாத் துளிகளும் ஒரே அளவாக இருந்தால் மோதலே குறைவு. மேகம் பெய்யாமல் கடந்து போவதற்கு ஒரு முக்கியமான காரணம் இது.

இதற்குள் 1946-ல் அமெரிக்காவின் வின்சென்ட் ஷேஃபர் குளிர்பெட்டிக்குள் உலர்பனியைப் போட்டுப் பனிப்படிகம் உண்டாக்கினார். நவம்பர் 13 அன்று விமானத்திலிருந்து மேகத்தில் தூவியும் பார்த்தார். பெர்னார்ட் வானிகட் சில்வர் அயோடைடைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். (நாவலாசிரியர் கர்ட் வானிகட்டின் அண்ணன்!) செயற்கை மழை பிறந்தது. இந்தியாவில் 1951-ல் டாட்டா நிறுவனம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இதை முயன்றது. ஆனால் நம் மேகங்கள் பலவும் பனி இல்லாத சூட்டு மேகங்கள். அவற்றுக்குத் தேவை உப்பு: அது ஈரத்தை இழுத்துப் பெரிய துளிகளை உண்டாக்கும். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 1973 முதல் 1986 வரை, இடையிடையே விட்டு, பாராமதி பக்கம் பதினொரு பருவங்கள் உப்பைத் தூவி, சுமார் 24 சதவீதம் கூடுதல் மழை என்றது.

தமிழக அரசு வறட்சிக் காலத்தில் 1983-லும், 1984-87-லும், 1993-94-லும் மேகம் விதைத்தது. கர்நாடகம் 2017 ஆகஸ்டில் பெங்களூர் ஜக்கூர் விமானத்தளத்திலிருந்து 'வர்ஷதாரி' திட்டத்தைத் தொடங்கியது. வறட்சி நேரத்தில் விமானம் விட்டால் பத்திரிகையில் படம் வரும். ஆனால் தூவாமல் இருந்திருந்தால் எவ்வளவு பெய்திருக்கும் என்று ஒப்பிடாவிட்டால் பலன் தெரியாது என்பது என் எண்ணம். அந்த ஒப்பீட்டைப் புனே நிறுவனம் 2018, 2019-ல் சோலாப்பூரில் முறையாகச் செய்தது. 200-க்கும் மேற்பட்ட மேகங்களில் ஒரு பகுதிக்கு மட்டும் தூவி, மற்றதை விட்டுவிட்டுப் பார்த்ததில் கூடுதல் சுமார் 18 சதவீதம். அதுவும் ஏற்கெனவே நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் மேகத்துக்குத்தான். மேகமே வராத வருஷத்தில் தூவ எதுவும் இல்லை. வந்த மேகமும் தூவிய இடத்தில் நிற்காது, காற்றோடு நகரும். பெங்களூருக்கு மேல் தூவியது எல்லை தாண்டித் தளியில் விழுமா, அதற்கு முன்பே தீர்ந்துவிடுமா என்பதை அன்றைய காற்றுதான் முடிவு செய்யும்.