161 வடிசாலைகள், ஒரு மூக்கு

1885-ல் ஆல்ஃப்ரெட் பர்னார்ட் என்பவர் லண்டனிலிருந்து கிளம்பினார். மது வியாபாரிகளுக்காக வெளிவந்த ‘ஹார்பர்ஸ் வீக்லி கெஸட்’ என்ற வாரப் பத்திரிகையில் வேலை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஓடிக்கொண்டிருக்கும் விஸ்கி வடிசாலைகளை ஒன்று விடாமல் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பது திட்டம். இரண்டு வருடத்தில் 161 இடங்களைப் பார்த்துவிட்டார். ஸ்காட்லாந்தில் 129, அயர்லாந்தில் 28, இங்கிலாந்தில் 4. 1887-ல் எல்லாம் சேர்ந்து ஒரு கனமான புத்தகமாக வந்தது.

இன்றைக்கு விஸ்கிகளை ஒப்பிட்டு ரசிப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கு பர்னார்ட் கிட்டத்தட்ட குலதெய்வம். ஆனால் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு விஷயம் உறுத்தும். தண்ணீர் எந்த ஓடையிலிருந்து வருகிறது, வாலைகள் எத்தனை, கிடங்கு எவ்வளவு பெரியது, வருடத்துக்கு எத்தனை கேலன், போகிற வழியில் மலை எப்படி இருந்தது, எல்லாம் இருக்கும். அங்கே வடித்த சரக்கு என்ன ருசி என்பது மட்டும் அநேகமாக இருக்காது. 161 இடத்துக்குப் போன மனுஷன், இதற்கும் அதற்கும் நாக்கில் என்ன வித்தியாசம் என்று சொல்ல மெனக்கெடவில்லை.

அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க அன்றைக்கு ஆள் இல்லை. பர்னார்ட் பார்த்த மால்ட் விஸ்கியில் பெரும்பகுதி அந்தப் பெயரிலேயே யார் கோப்பைக்கும் போகவில்லை, கலவைக்குத்தான் போனது.

இதற்குப் பின்னால் இருப்பது ஒரு இயந்திரம். முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, செம்பு வாலையில் ஒவ்வொரு தொகுதியாக வடிப்பதுதான் பழைய முறை. மெதுவாக நடக்கும், செலவும் அதிகம், ஊருக்கு ஊர் மணமும் மாறும். 1830-ல் ஈனியஸ் காஃபி என்ற முன்னாள் கலால் அதிகாரி, நிறுத்தாமல் வடித்துக்கொண்டே இருக்கும் ஒரு வாலைக்குக் காப்புரிமை வாங்கினார். எந்தத் தானியத்தையும் போடலாம். மலிவாக, ஏராளமாக, மணம் குறைந்த சாராயம் கொட்டும். 1850-களில் எடின்பரோவின் ஆண்ட்ரூ அஷர் வெவ்வேறு விஸ்கிகளைக் கலந்து விற்க ஆரம்பித்தார். 1860-ல் சட்டமும் கலவைக்குக் கதவைத் திறந்துவிட்டது. மலிவான தானிய விஸ்கியில் கொஞ்சம் மால்ட்டைச் சேர்த்தால் யாருக்கும் உறைக்காத, எப்போதும் ஒரே மாதிரி இருக்கிற பானம் கிடைத்துவிடும். அதே காலத்தில் ஃபிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை ஃபைலோக்ஸெரா என்ற பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. பிராந்திக்குத் தட்டுப்பாடு. லண்டன் கனவான்களின் கோப்பையில் அந்த இடத்தைப் பிடித்தது கலவை விஸ்கி.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். விஸ்கிகளை ஒப்பிட்டுப் பார்க்கிற கலை உண்மையில் பிறந்தது கலவைக்காரரின் அறையில்தான். சின்னக் கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்து, தண்ணீர் ஊற்றி ஆல்கஹாலை 20 சதவீதம் அளவுக்கு இறக்கி, ஒவ்வொன்றாக முகர்வார். குடிப்பதெல்லாம் கிடையாது. நாளைக்கு நூறு மாதிரி பார்க்க வேண்டியவர் குடித்தால் என்ன ஆவது? மூக்குதான் தொழில். இந்தப் பீப்பாயில் புகை தூக்கலா, அதில் இனிப்பு குறைவா என்று பிரித்தறிந்து, போன வருடத்துக் கலவை போலவே இந்த வருடத்ததும் இருக்கும்படி செய்வார். அதாவது வித்தியாசங்களை அழிப்பதற்காகவே வித்தியாசங்களைக் கற்றுக்கொண்டவர். பின்னால் வந்த ரசிகர்கள் அதே குவளை, அதே தண்ணீர், அதே முகர்தலை எடுத்துக்கொண்டு நேர் எதிர்த்திசையில் போனார்கள்.

கலவைப் பணம் பைத்தியம் பிடிக்க வைத்த கதையும் உண்டு. லீத் துறைமுகத்தில் ராபர்ட், வால்டர் என்ற பாட்டிசன் சகோதரர்கள். விளம்பரத்துக்காக 500 கிளிகளுக்குத் தங்கள் விஸ்கியின் பெயரைச் சொல்லிப் பழக்கிக் கடைகளுக்குக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். 1898 டிசம்பரில் கம்பெனி கவிழ்ந்தது. மட்டமான சரக்கில் துளி நல்ல மால்ட்டைக் கலந்து உயர்ந்த விஸ்கி என்று விற்றது உள்பட எல்லாம் அம்பலமாகி, 1901-ல் இருவரும் சிறைக்குப் போனார்கள். ‘அப்படியானால் எதைத்தான் விஸ்கி என்று சொல்வது?’ என்ற சண்டை நீதிமன்றம் வரை போய், கடைசியில் அரசு ஆணையம் ஒன்று உட்கார்ந்தது. 1909-ல் தீர்ப்பு: காஃபியின் இயந்திரத்தில் வடித்ததும் விஸ்கிதான். மால்ட் கட்சி தோற்றது.

அடுத்த அரை நூற்றாண்டில் மால்ட்டை மால்ட்டாகவே குடிக்கச் சொன்னவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களில் பலர் எழுத்தாளர்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் நடத்திய ஜார்ஜ் செயின்ட்ஸ்பரி 1920-ல் தன் மது நிலவறையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பெரும்பகுதி ஒயின். ஆனால் விஸ்கிக்கும் இடம் ஒதுக்கி, வடிசாலைகளைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டார். ஒரு நாவலைப் போல, ஒரு கவிதையைப் போல, இதையும் தனித்தனியாக மதிப்பிடலாம் என்கிற தோரணை.

1930-ல் ‘விஸ்கி’ என்ற சின்னப் புத்தகம் வந்தது. ஆசிரியர் பெயர் ஈனியஸ் மெக்டொனால்ட். அது புனைபெயர். ஆள் ஜார்ஜ் மால்கம் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துப் பத்திரிகையாளர். (ஒரு ஈனியஸ் மணமில்லாத சாராயத்தை உலகுக்குக் கொடுத்தார், நூறு வருடம் கழித்து இன்னொரு ஈனியஸ் வந்து அதைத் திட்டினார்.) அவருடைய கோபம் கம்பெனிகள் மீது மட்டுமல்ல, குடிக்கிறவர்கள் மீதும்தான். ருசியைக் கேட்காமல் ‘எவ்வளவு ஏறும்’ என்று மட்டும் கேட்பவனுக்காக ஒரு தொழிலே தரம் தாழ்ந்துவிட்டது என்பது அவர் வாதம். இதைப் படிக்கும்போது நம்மூர் நினைவு வராமல் இருக்காது. இங்கே பல வீடுகளில் குடி என்ன செய்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும். ருசித்துக் குடிக்கிறேன் என்று சொல்கிறவனை சந்தேகமாகப் பார்க்கிற உரிமை அந்த வீடுகளுக்கு உண்டு. ஆனால் மெக்டொனால்ட் சொன்ன வித்தியாசம் பொய் இல்லை. ஆறு குவளைகளில் துளித்துளியாக ஊற்றி ஒரு மணி நேரம் முகர்ந்துகொண்டிருப்பவன் வேறு ஏதோ செய்துகொண்டிருக்கிறான்.

மூன்றாமவர் நாவலாசிரியர் நீல் கன். இன்வெர்னெஸ் நகரத்தின் க்ளென் மோர் வடிசாலையில் கலால் அதிகாரியாகப் பல வருடம் இருந்தவர். கிடங்குச் சாவி அவர் கையில். 1935-ல் விஸ்கியையும் தன் நாட்டையும் சேர்த்து வைத்து ஒரு புத்தகம் எழுதினார். அவருக்கு மால்ட் என்பது ஸ்காட்லாந்தின் தனித்தன்மை, கலவை என்பது அது கரைந்துபோவது. கொஞ்சம் மிகைதான். ஆனால் சுற்றிலும் நடந்ததைப் பார்த்தால் மிகை புரியும். பர்னார்ட் போனபோது காம்பெல்டவுன் என்ற ஒரு சின்னத் துறைமுகத்தில் மட்டும் 21 வடிசாலைகள் இருந்தன. கன் எழுதிக்கொண்டிருந்தபோது அங்கே மிஞ்சியவை இரண்டு.

அந்த 21-ல் ஒன்று ஹேசல்பர்ன். 1920-ல் அங்கே ஒரு ஜப்பானிய இளைஞர் நோட்டுப்புத்தகத்தோடு திரிந்தார். பெயர் மஸடாகா டகெட்சுரு. ஹிரோஷிமா பக்கத்து ஸாக்கே தயாரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1918-ல் கிளாஸ்கோவுக்குப் படிக்க வந்தவர். பார்த்ததையெல்லாம் எழுதிக்கொண்டார். ஊர் திரும்பும்போது நோட்டுகளோடு ரீட்டா என்ற ஸ்காட்லாந்து மனைவியும் கூட. ஜப்பானின் முதல் மால்ட் வடிசாலையான யாமஸாகியை எழுப்புவதில் அவர் கை இருந்தது. 1934-ல் யோய்ச்சியில் சொந்தமாக ஒன்று தொடங்கினார். ஹேசல்பர்ன் 1925-லேயே மூடிவிட்டது. குறிப்பு எடுத்தவர் ஊரில் அந்த முறை பிழைத்தது, எடுத்த இடத்தில் செத்தது.

1963-ல் க்ளென்ஃபிடிக் தன் மால்ட்டைக் கலக்காமல் அப்படியே ஸ்காட்லாந்துக்கு வெளியே விற்கத் துணிந்தது. அப்போது மற்ற கம்பெனிகளுக்கு அது விபரீதமாகப் பட்டது.

உண்மையான திருப்பம் 1983. கலவை விஸ்கியின் விற்பனை சரிந்து, கிடங்குகளில் பீப்பாய்கள் மலையாகத் தேங்கிவிட, டிஸ்டிலர்ஸ் கம்பெனி தன் வடிசாலைகளை வரிசையாக மூடியது. ஐலா தீவின் போர்ட் எல்லென், வடக்கே ப்ரோரா, நீல் கன்னின் க்ளென் மோர், எல்லாம் அதே வருடம். ருசியை வைத்து யாரும் முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. கலவைக்கு எது அவசியமில்லையோ அது போனது.

அதே 1983-ல், அதே லீத் துறைமுகத்தில், ஒரு பழைய ஒயின் கிடங்கில் ‘ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொஸைட்டி’ ஆரம்பமாகிறது. பிப் ஹில்ஸ் என்பவர் சில வருடங்களுக்கு முன்பு க்ளென்ஃபார்க்ளஸ் வடிசாலையிலிருந்து ஒரு பீப்பாயைத் தன் பழைய காரில் எடின்பரோவுக்குக் கொண்டுவந்து நண்பர்களோடு பங்கு போட்டுக்கொண்டார். எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். காரணம் இருக்கிறது. கடை பாட்டிலில் விஸ்கியைத் தண்ணீர் சேர்த்து 40 சதவீதத்துக்கு இறக்குவார்கள். குளிரில் கலங்காமல் இருக்க ஆறவைத்து வடிகட்டுவார்கள், அதில் எண்ணெய்ப்பசையும் மணமும் கொஞ்சம் போகும். நிறத்துக்குக் கருகிய சர்க்கரைச் சாயம். இது எதுவும் செய்யாத விஸ்கியை அவர்கள் முதல்தடவை குடித்தார்கள். சொஸைட்டி ஒவ்வொரு பீப்பாயையும் தனியாக பாட்டிலில் அடைத்து உறுப்பினர்களுக்குத் தந்தது. வடிசாலைப் பெயர் போடவில்லை. எண் மட்டும். 1.1 என்றால் க்ளென்ஃபார்க்ளஸின் முதல் பீப்பாய். பெயரைப் பார்த்து ருசிக்காதே, மூக்கை நம்பு என்பது அதன் பக்கவிளைவு.

பிறகு மைக்கேல் ஜாக்ஸன் வருகிறார். பாடகர் இல்லை, யார்க்ஷயர்க்காரர், பீர் பற்றி எழுதிப் புகழ்பெற்ற பத்திரிகையாளர். அந்தப் பெயரோடு வாழ்நாள் முழுக்க ஜோக்கடித்துக்கொண்டிருந்தார். 1989-ல் வந்த அவரது மால்ட் கையேடு, பர்னார்ட் விட்டுப்போன பத்தியை எழுதியது. நிறம், மணம், உடல், ருசி, விழுங்கிய பிறகு மிஞ்சுவது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. கடற்பாசி, தோல், ஆரஞ்சுத் தோடு என்று வார்த்தைகள். கடைசியில் 100-க்கு ஒரு மதிப்பெண்.

அந்த வார்த்தைகளுக்கு நான் நன்றி சொல்வேன். மதிப்பெண்ணுக்குச் சொல்ல மாட்டேன். ‘ஈரக் கரிமூட்டத்தின் புகை’ என்றால் நான் முகர்ந்து பார்த்து ஆமாம், இல்லை என்று மல்லுக்கட்டலாம். ‘93’ என்றால் என்ன செய்ய? வாங்கத்தான் முடியும்.

ஆனால் ஒப்பிடும் பழக்கம் ஒரு நல்ல காரியமும் செய்தது. பெயரை மறைத்துவிட்டால் ஊர்ப் பெருமை செல்லாது. 2001-ல் ‘விஸ்கி மேகஸின்’ நடத்திய மறைவுச் சுவைப்பில் யோய்ச்சியின் 10 வருட விஸ்கி முதலிடம் பிடித்தது. 2010 ஜனவரியில், ஸ்காட்லாந்தின் தேசியக் கவி ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தநாளை ஒட்டி, அதே லீத்தில் ஒரு மறைவுச் சுவைப்பு. ஸ்காட்ச் விஸ்கிகளைத் தாண்டி ஜெயித்தது தைவானின் கவலான். அந்த வடிசாலை அப்போது சாராயம் வடிக்கத் தொடங்கி நாலு வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. இந்தியாவில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்பு மொலாஸஸிலிருந்து வந்த சாராயம். ஐரோப்பாவில் அதற்கு அந்தப் பெயர் போட முடியாது, அங்கே தானியம் வேண்டும், மூன்று வருடமாவது பீப்பாயில் கிடக்க வேண்டும். பெங்களூரின் அம்ருத் பார்லியை வைத்து மால்ட் வடித்து, 2004-ல் முதலில் கிளாஸ்கோவில் கொண்டுபோய் விற்றது. கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகும், தேவதைகளின் பங்கு என்பார்கள். பெங்களூரில் அது 10 சதவீதத்துக்கும் மேல். இங்கே தேவதைகளுக்குத் தாகம் அதிகம். ஆனால் அந்தச் சூட்டில் மரத்தோடு விஸ்கி வேகமாகப் பழகிவிடுகிறது, நாலைந்து வருடத்திலேயே முதிர்ச்சி வருகிறது. 2010-ஆம் ஆண்டுக் கையேட்டில் ஜிம் முர்ரே அம்ருத் ஃபியூஷனுக்கு 97 கொடுத்து உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்றார். மதிப்பெண்ணைத் திட்டிவிட்டு இந்த 97-ஐப் பெருமையாகச் சொல்கிறேனே என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.

எண் வந்ததும் விலை வந்தது. விலை வந்ததும் ஏலம். 1926-ல் வடித்த மகாலன் பாட்டில் ஒன்று 2023-ல் லண்டன் ஏலத்தில் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. வேண்டாம் என்று 1983-ல் மூடிய போர்ட் எல்லெனின் மிச்சச் சரக்கு, சேகரிப்பாளர்கள் அலைமோத, எட்டாத உயரத்துக்குப் போனது. அதைக் கண்டு கம்பெனி 2021-ல் ப்ரோராவையும் 2024-ல் போர்ட் எல்லெனையும் மறுபடி திறந்திருக்கிறது. ரசிகர்கள் முகர்ந்து முகர்ந்து இரண்டு செத்த வடிசாலைகளை எழுப்பிவிட்டார்கள் என்று சந்தோஷப்படலாம். ஆனால் அந்த ரசிகர்களில் முக்கால்வாசிப் பேரால் இனி அந்தப் பழைய பாட்டிலைத் திறக்க முடியாது. நண்பர்கள் பங்கு போட்டுக்கொண்ட ஒரு பீப்பாயில் தொடங்கிய விஷயம் அது.

நீல் கன்னின் க்ளென் மோர் திரும்பி வரவில்லை. 1986-ல் இடித்தார்கள். அவர் சாவியோடு நடந்த இடத்தில் இப்போது கடைகள் நிற்கின்றன. அங்கே வடித்தவற்றில் சில பாட்டில்கள் இன்னும் ஏலத்துக்கு வருகின்றன. வாங்குகிறவர் சீல் உடையாமல் பார்த்துக்கொள்கிறார், உடைந்தால் விலை போய்விடும்.