ஃபைல் எங்க போச்சுங்க?

1983 ஜனவரியில் லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள் விற்பனைக்கு வந்தபோது ஐபிஎம் பீசியின் டாஸில் ஃபோல்டர் என்ற ஏற்பாடே கிடையாது. எங்கே சேமிப்பது என்றால் எந்த ஃபிளாப்பியில் என்றுதான் அர்த்தம். ஏ டிரைவில் புரோகிராம், பி டிரைவில் கணக்கு. மார்ச்சில் 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு பீசி எக்ஸ்டி வந்தது. கூடவே எம்எஸ்-டாஸ் 2.0. டாஸுக்கு டைரக்டரிகள் வந்தது அப்போதுதான். ஒவ்வொரு டிரைவுக்கும் 'நடப்பு டைரக்டரி' ஒன்றை டாஸ் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கும். முகவரி சொல்லாமல் பெயரை மட்டும் கொடுத்தால் அந்த நிமிடம் எது நடப்போ அங்கே ஃபைல் போய்விடும். எக்செல் மேக்ரோ எழுதுகிறவர்களை இன்றும் அலைக்கழிப்பது இந்த ஏற்பாடுதான்.

கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் லோட்டஸில் வேலை தொடங்கியவள் நான். நாங்கள் தட்டும் விசைகளை அப்படியே ஒரு கட்டத்தில் எழுதிவைப்பதுதான் அங்கே மேக்ரோ. முதலில் ஒற்றை மேற்கோள்குறி. அது இல்லாமல் ஸ்லாஷைத் தட்டினால் மெனு திறந்துகொள்ளும். பிறகு ஸ்லாஷ், எஃப், எஸ்: ஃபைல், சேவ். அடுத்து ஃபைலின் பெயர், என்டருக்காக ஒரு டில்டே, கடைசியில் ரீப்ளேஸுக்கு ஆர். அந்தக் கட்டத்துக்கு பேக்ஸ்லாஷ் எஸ் என்று பெயர் வைத்துவிட்டால் ஆல்ட்டையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் போதும், சம்பளப் பட்டியல் டிஸ்க்கில் ஏறிவிடும்.

அதே பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருந்தால்தான் கேன்சலா, ரீப்ளேஸா என்று லோட்டஸ் கேட்கும். யாராவது நடப்பு டைரக்டரியை மாற்றிவைத்திருந்தால் அங்கே அந்தப் பெயரில் ஃபைல் இருக்காது, கேள்வியும் வராது. பதிலாக வைத்திருந்த ஆர் மட்டும் திரையின் மேலே எடிட் வரியில் தனியாக வந்து நிற்கும். அதைப் பார்த்ததுமே ஃபைல் வேறெங்கோ போய்விட்டது என்று புரிந்துகொள்வோம். எனக்கு அந்த ஆர் மீது மரியாதை உண்டு. பிற்காலத்து எக்செல் இந்த மாதிரிச் சமயங்களில் வாயே திறப்பதில்லை.

நாவெல் நெட்வேர் என்ற நெட்வொர்க் மென்பொருள் வந்த அலுவலகங்களில் சர்வர் பெரும்பாலும் எஃப் டிரைவாகத் தெரியும். மேக்ரோவில் எஃப் என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். சர்வர் வேறு எழுத்தில் இணைந்திருக்கும் மெஷினில் அதே மேக்ரோ முதல் வரியிலேயே நின்றுவிடும்.

1993இல் எக்செல் 5 வந்தது, அதோடு விபிஏ என்ற மேக்ரோ மொழியும். மொழி புதியது, பழக்கம் பழையது. சேவ்ஆஸ் கட்டளைக்குப் பெயரை மட்டும் கொடுத்தால் இங்கேயும் நடப்பு ஃபோல்டரில்தான் ஃபைல் விழும். ஓப்பன் டயலாக் வழியாக யார் எந்த ஃபைலைத் திறந்தாலும் அந்த நடப்பு இடம் மாறிக்கொண்டே இருக்கும். சிஎச்டிர் என்ற கட்டளை ஃபோல்டரை மாற்றும், டிரைவை மாற்றாது. அதற்கு சிஎச்டிரைவ் தனியாக வேண்டும். காரணம், 1983இன் டாஸ் இரண்டையும் பிரித்து வைத்திருந்தது. சர்வரின் பெயரோடு தொடங்கும் முகவரியைக் கொடுத்தால் சிஎச்டிரைவுக்கு அது செல்லாது. அதற்கு எழுத்து மட்டும்தான் தெரியும்.

ஸ்டோர்ஸில் ஒரு பையன் மாதக் கடைசியில் போன் செய்வான். "அக்கா, சேவ் ஆயிருச்சுங்க. எங்க போச்சுனுதான் தெரியலைங்க." மேக்ரோ இருக்கும் ஒர்க்புக்கின் இடத்தைச் சொல்வது திஸ்ஒர்க்புக்.பாத். கண்முன்னே திறந்திருக்கும் ஒர்க்புக்கின் இடத்தைச் சொல்வது ஆக்டிவ்ஒர்க்புக்.பாத். அவனுக்கு மேக்ரோ எழுதிக்கொடுத்தவர் இரண்டாவதைப் போட்டிருந்தார். பையன் மெயிலில் வந்த ஷீட்டைத் திறந்துவைத்து பட்டனை அழுத்தினால், இருப்புக் கணக்கு தற்காலிக ஃபோல்டரின் அடியில் போய்ச் சேரும்.

விபிஏ வந்ததைவிடப் பெரிய மாற்றமாக நான் நினைப்பது எக்செல் 97. லோட்டஸில் மேக்ரோ தாளிலேயே இருந்தது. எக்செல் 5இலும் மாட்யூல், ஷீட்டுகளோடு ஒரு ஷீட்டாகக் கீழே தெரிந்தது. 97இல் அது தனி எடிட்டருக்குள் போய்விட்டது. அதோடு முகவரியும் குமாஸ்தாவின் கண்ணிலிருந்து மறைந்தது. கணக்கு எழுதுகிறவருக்குத் தன் ஃபைல் எங்கே போகிறது என்று தெரியாத நிலையை நான் ஏற்கவே மாட்டேன்.

இடத்தைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தது வைரஸ்தான். 1996இல் பரவிய லாரூ, எக்செல் தொடங்கும்போது தானே திறக்கும் எக்ஸ்எல்ஸ்டார்ட் ஃபோல்டரில் பர்சனல் என்ற பெயரில் தன்னை எழுதிவைத்துக்கொண்டது. பிறகு திறக்கிற ஒவ்வொரு ஒர்க்புக்கிலும் ஒட்டிக்கொண்டது.

குமாஸ்தாவுக்கும் இடம் தெரியவேண்டும் என்பதால் நான் எழுதிய மேக்ரோக்களில் முகவரியைத் தாளுக்கே திரும்பக் கொண்டுவந்தேன். 'அமைப்பு' என்று ஒரு ஷீட், அதில் ஒரு கட்டம், அந்தக் கட்டத்தில் ஃபோல்டரின் முழுப் பாதை. மேக்ரோ அதைப் படித்து, அப்படி ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று டிர் கட்டளையால் பார்க்கும். இல்லையென்றால் பாதையைத் திரையில் காட்டி நின்றுவிடும். அதற்குக் கீழே நிதியாண்டு ஃபோல்டர்: மாதம் 4க்குக் குறைவாக இருந்தால் வருடத்திலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் மார்ச் கணக்கு அடுத்த ஆண்டின் ஃபோல்டரில் போய் உட்காரும். ஃபைல் பெயரில் தேதிக்கு ஸ்லாஷ் கூடாது, விண்டோஸ் ஏற்காது. வருடம், மாதம், நாள் என்று ஹைபன் போட்டு எழுதினால் பட்டியலில் தானே வரிசையாக நிற்கும்.

இப்போது ஒன்டிரைவ். அதில் உள்ள ஒர்க்புக்கிடம் திஸ்ஒர்க்புக்.பாத் என்று கேட்டால் எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் இணைய முகவரி வருகிறது. டிர் கட்டளைக்கு அது புரியாது, புதிய ஃபோல்டர் திறக்கும் எம்கேடிர் கட்டளைக்கும் புரியாது. எக்செல்லிடம் கேட்பதை விட்டுவிட்டு, ஒன்டிரைவ் எந்த லோக்கல் ஃபோல்டரில் இருக்கிறது என்று என்விரான் மூலம் விண்டோஸிடம் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதிலையும் அமைப்பு ஷீட்டில், பழைய பாதைக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே எழுதவைக்கிறேன்.