சித்தப்பாவின் ரேஸ் நோட்டு

சித்தப்பா காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியிலிருந்து எனக்குக் கிடைத்த ஆஸ்தி மூன்று நோட்டுப் புத்தகங்கள். கிண்டியில் ஓடிய குதிரைகளைப் பற்றிப் பதினொரு வருஷம் அவர் எழுதி வைத்த குறிப்புகள். குதிரையின் பெயர், அதன் தாய் தகப்பன், ஜாக்கி, சுமந்த எடை, ஓடிய தூரம், தரை ஈரமா காய்ந்ததா, எத்தனையாவதாக வந்தது, எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில். ஆபீஸ் லெட்ஜரைக்கூட மனிதர் இவ்வளவு சிரத்தையாக எழுதியிருக்க மாட்டார். அப்படியும் தோற்றார். பிராவிடண்டு பண்டு போயிற்று. சித்தியின் இரட்டைவடச் சங்கிலி போயிற்று.

இவ்வளவு தெரிந்தவர் ஏன் தோற்றார் என்ற கேள்வி என்னை நெடுநாள் விடவில்லை. குதிரைப் பந்தயத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிய பிறகுதான் விடை அகப்பட்டது. அந்த நோட்டில் எல்லாப் பத்தியும் இருந்தது. விலை எழுதும் பத்தி மட்டும் இல்லை.

அது என்ன விலை என்று கேட்பீர்கள். அதற்குப் பாரிஸ் பட்டணம் வரை போய்வர வேண்டும்.

முன்பெல்லாம் பந்தயம் கட்டுவது புக்கியோடுதான். "இந்தக் குதிரைக்கு ஒன்றுக்கு மூன்று" என்று அவன் சொல்வான். சரி என்று பணத்தை நீட்ட வேண்டியது. 1867-ல் ஜோஸப் ஒல்லேர் என்பவர், கேடலோனியாவில் பிறந்து பாரிஸில் குடியேறியவர், ஒரு புது ஏற்பாடு செய்தார். எல்லாருடைய பணமும் ஓர் உண்டியலில் விழ வேண்டும். நடத்துகிறவன் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜயித்த குதிரைமேல் கட்டியவர்களுக்கு அவரவர் போட்ட விகிதத்தில் பங்கு போட்டுவிட வேண்டும். எந்தக் குதிரை வந்தாலும் நடத்துகிறவனுக்கு நஷ்டமில்லை! பிற்பாடு, 1889-ல், மூலான் ரூழ் என்ற பெயர்போன நடனசாலையைக் கூட்டாளியோடு திறந்தவரும் இதே ஒல்லேர்தான். பிறர் பையில் கையை விடாமலே பணத்தை வெளியே வரவழைக்கத் தெரிந்த மகானுபாவர்.

இந்த ஏற்பாட்டில் கணக்குப் போடுவதுதான் பெரும் பாடு. அதைத் தீர்த்து வைத்தவர் ஒரு பாதிரியாரின் பிள்ளை என்பது வேடிக்கை. நியூஸிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் பிஷப்பாக இருந்தவரின் மகன் ஜார்ஜ் ஜூலியஸ், எஞ்சினீயர். தேர்தலில் ஓட்டு எண்ணுவதற்காக அவர் ஒரு யந்திரம் யோசித்து வைத்திருந்தார். சர்க்கார் வேண்டாம் என்றது. அதையே பந்தய டிக்கெட்டுகளை எண்ணும்படி மாற்றினார். 1913-ல் ஆக்லந்து நகரத்து எல்லர்ஸ்லி மைதானத்தில் அந்த யந்திரம் ஓடியது. பியானோக் கம்பிகளும் கப்பிகளும், கடிகாரத்தைப்போல் கீழே இறங்கும் எடைகளுமாக. கிண்டியில் 'டோட்' என்றார்களே, அதன் பாட்டன் இதுதான். ஓட்டு எண்ண முடியாமல் போன யந்திரம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது எண்ணியதும் ஓட்டைத்தான். எந்தக் குதிரை ஜயிக்கும் என்று கூட்டம் போடும் ரூபாய் ஓட்டு.

இங்கேதான் சித்தப்பாவின் பிசகு. ஆயிரம் ரூபாய் சேர்ந்திருக்கிறது என்று வையுங்கள். கமிஷன் இருநூறு போக எண்ணூறு மிச்சம். எல்லாரும் மெச்சும் குதிரைமேல் நானூறு விழுந்திருந்தால், அது ஜயித்தால் ரூபாய்க்கு இரண்டு. அதில் லாபம் வர வேண்டுமானால் அந்தக் குதிரை நூறில் ஐம்பது தடவைக்கு மேல் ஜயித்தாக வேண்டும். ஐம்பதுக்குக் குறைந்தால், எவ்வளவு உசத்தியான குதிரையானாலும், அது நஷ்ட வியாபாரம். இன்னொரு குதிரைமேல் நாற்பது ரூபாய்தான் விழுந்திருக்கிறது. ரூபாய்க்கு இருபது கிடைக்கும். அது நூறில் ஆறு தடவை ஜயிக்கக்கூடியது என்று நிச்சயமாகத் தெரிந்தால், தொண்ணூற்று நாலு தடவை தோற்றாலும் அதில் லாபம் உண்டு. ஆகவே 'எது ஜயிக்கும்?' என்று கேட்பவன் பாதிதான் கேட்கிறான். 'கூட்டம் இதற்குச் சரியான விலை போட்டிருக்கிறதா?' என்பதுதான் மிச்சப் பாதி. நமக்கு எதிராளி குதிரையல்ல. பக்கத்தில் டிக்கெட் வாங்க நிற்கிறாரே, அவர்தான்.

கூட்டம் எங்கே தவறுகிறது என்பதை 1949-ல் கிரிஃபித் என்ற அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர் பந்தயக் கணக்குகளைக் கொண்டே காட்டினார். சவலைக் குதிரைகள்மேல் ஜனங்கள் தகுதிக்கு மிஞ்சிப் பணம் போடுகிறார்கள். நல்ல குதிரைகள்மேல் குறைத்துப் போடுகிறார்கள். ஒரு ரூபாய்க்கு ஐம்பது என்றால் யாருக்குத்தான் கை அரிக்காது? ஆனால் இதைத் தெரிந்துகொண்டு நல்ல குதிரையாகப் பார்த்துக் கட்டினாலே போதும் என்று கிளம்பிவிட வேண்டாம். நஷ்டம் குறையுமே தவிர, அநேகமாகக் கமிஷன் அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

எவ்வளவு கட்டுவது என்பதற்கு 1956-ல் ஒரு விடை வந்தது, அதுவும் டெலிபோன் கம்பெனியிலிருந்து. பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த ஜான் கெல்லி சொன்னதன் சாரம் இது: உனக்கு இருக்கும் அனுகூலத்தை அளந்து, கையிலுள்ள பணத்தில் அதற்கு ஏற்ற பங்கை மட்டும் கட்டு, அனுகூலம் இல்லையென்றால் கட்டாதே. சித்தப்பாவின் முறை நேர் எதிர். தோற்றால் இரட்டிப்பாகக் கட்டுவார். கடைசிப் பந்தயத்துக்கு வாட்ச் வரை போகும்.

1974-ல் தமிழ்நாடு சர்க்கார் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1986-ல் ரேஸ் கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். வழக்கு நடந்து, 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று: குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது, வெறும் அதிர்ஷ்டமல்ல. நான் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா கால் கிலோ மைசூர்பாகுடன் வந்து, "பார்த்தியாடா, கோர்ட்டே சொல்லிடுத்து, இது மூளை வேலை!" என்றார். கோர்ட்டு சொன்னது வாஸ்தவம். அந்த மூளை இன்னாரிடம் இருக்கிறது என்று மட்டும் அது சொல்லவில்லை. சித்தி மைசூர்பாகைத் தொடவில்லை.

அந்த மூளை வேலையை நிஜமாகவே செய்து காட்டியவர்கள் அந்தச் சமயத்தில் ஹாங்காங்கில் இருந்தார்கள். பில் பென்டர் என்ற அமெரிக்கர், பௌதிகம் படித்தவர், லாஸ் வேகாஸில் சீட்டு எண்ணி ஆடிப் பிழைத்தவர். ஆலன் வுட்ஸ் என்ற ஆஸ்திரேலியருடன் 1980-களின் நடுவில் ஹாங்காங் போனார். ஒரே கிளப், இரண்டே மைதானம், அதே குதிரைகள் திரும்பத் திரும்ப ஓடும். பந்தயப் பணமோ சமுத்திரம். கம்ப்யூட்டரில் குதிரைகளின் சரித்திரத்தை ஏற்றிக் கணக்குப் போட்டார்கள். ஆரம்பத்தில் கொண்டுபோன பணத்தில் பெரும்பகுதி தொலைந்தது. பிற்பாடு 1994-ல் பென்டரே எழுதிய கட்டுரையில் காரணம் இருக்கிறது. தன் கணக்கும் கூட்டத்தின் விலையும் வேறுபட்டால், உண்மை பெரும்பாலும் கூட்டத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. ஆயிரக்கணக்கான பேர் போட்ட பணத்தில், லாயத்துச் செய்தி முதல் டாக்டர் செய்தி வரை, எந்தப் புத்தகத்திலும் ஏறாத விஷயமெல்லாம் கலந்திருந்தது. ஆகவே கூட்டத்தின் விலையையும் தன் கணக்கோடு சேர்த்துக்கொண்டார். அப்புறம்தான் பணம் கொட்டியது. மகா கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன், பக்கத்தில் டிக்கெட் வாங்குகிறவரின் அபிப்பிராயத்துக்கு மரியாதை கொடுத்த பிறகே ஜயித்தான் என்பது எனக்கு ரொம்பவும் பிடித்த இடம். கதை எழுதுகிறவனுக்கும் இது கொஞ்சம் உறைக்கிறது.

2001-ல் கோடிக்கணக்கில் பரிசு விழுந்த ஒரு டிக்கெட்டை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லையாம். பணம் தர்மத்துக்குப் போயிற்று.

இதையெல்லாம் போன மாதம் சித்தியிடம் சொன்னேன். சித்தப்பா எதைக் கவனிக்கவில்லை, நோட்டில் எந்தப் பத்தி குறைவு என்று விரலால் கோடு போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு மூன்றாவது நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"இதிலே பாதிக்கு மேல் எழுதாம இருக்கே! பால் கணக்குக்கு ஆகும், வச்சுட்டுப் போடா" என்றாள்.