மேடையேறும் தேசங்கள் - 14: கொடி இல்லாதவர்களின் பாட்டு

போன வாரம் லிஸ்பனில் நின்றோம். 1974 ஏப்ரல் 6-ம் தேதி இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ஸ்வீடனின் ஆபா குழு ஜெயித்தது. போர்ச்சுகல் அனுப்பிய பாலோ டி கார்வால்யோ 3 புள்ளிகளோடு கடைசி இடத்துக்குப் போனார். ஏப்ரல் 24-ம் தேதி இரவு 10.55-க்கு அவர் அங்கே பாடிய அதே பாட்டு லிஸ்பன் வானொலியில் ஒலித்தது. படைமுகாம்களில் காத்திருந்த கிளர்ச்சி அதிகாரிகளுக்கு அதுதான் முதல் சமிக்ஞை. மறுநாள், ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீடித்த சர்வாதிகாரம் விழுந்தது.

அது ஒரு பாட்டு ஒலித்து ஓர் ஆட்சி கவிழ்ந்த கதை. இந்த வாரம் சொல்லப்போவது, பாட்டை உலகமே கேட்டும் ஒன்றும் நிற்காமல் போன கதை. இது நம் வீட்டுக் கதையும்கூட.

2009. ஜனவரி 22-ம் தேதி ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வெளியானது. சிறந்த பாடல் பிரிவில் அந்த வருடம் மூன்றே பாட்டுகள். அவற்றில் இரண்டு ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தவை. ஒன்று ‘ஜெய் ஹோ’. இன்னொன்று ‘ஓ சாயா’. இரண்டாவது பாட்டில் ரஹ்மானோடு சேர்ந்து பெயர் பெற்றிருந்தவர் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம். கிராமி விருதின் மிகப் பெரிய பிரிவுகளில் ஒன்றான ‘ஆண்டின் சிறந்த இசைப்பதிவு’ பட்டியலிலும் அவருடைய ‘பேப்பர் பிளேன்ஸ்’ இருந்தது. ஒரு தமிழ்ப் பெண் ஒரே பருவத்தில் இரண்டு பட்டியலிலும்! சென்னையில் கொண்டாட்டம் முழுக்க ரஹ்மானைச் சுற்றியே இருந்தது. அதில் தவறில்லை, அவர் நம் ஊர்ப் பிள்ளை. ஆனால் மாதங்கிக்கும் இந்த ஊரில் ஒரு பால்யம் உண்டு என்பதை அப்போது பேசியவர்கள் குறைவு.

மாதங்கி 1975-ல் லண்டனில் பிறந்தார். அதே வருடம் அதே நகரத்தில் அவருடைய தந்தை அருளர், நண்பர்களோடு சேர்ந்து ஈரோஸ் என்ற ஈழ விடுதலை இயக்கத்தைத் தொடங்கினார். ஆறு மாதக் குழந்தையோடு குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது. ராணுவம் தேடும் மனிதர் என்பதால், அப்பா எப்போதாவது வீட்டுக்கு வந்தாலும் பிள்ளைகளிடம் மாமா என்றே அறிமுகப்படுத்தப்பட்டார். போர் முற்றியதும் தாய் கலா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்னைக்கு வந்தார். பாழடைந்த ஒரு வீட்டில் வாசம். பிறகு மீண்டும் யாழ்ப்பாணம். 1986-ல் அகதிகளாக லண்டன்.

அந்த எண்பதுகளின் தென்சென்னையைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. திருவான்மியூரிலிருந்து நடந்தே போகிற தூரம்தான் இந்திரா நகர். விடுதலைப் புலிகளின் அலுவலகம் அங்கே இருந்தது. மற்ற இயக்கங்களும் நகரமெங்கும் வீடு எடுத்திருந்தன. கடற்கரையை ஒட்டிய தெருக்களில், மளிகைக் கடையில், பேருந்து நிறுத்தத்தில், யாழ்ப்பாணத் தமிழ் சர்வ சாதாரணமாகக் காதில் விழும். கலாக்ஷேத்ராவுக்குப் படிக்க வந்த ஈழத்துப் பிள்ளைகள் அதற்கும் முன்பிருந்தே உண்டு. ஒரே ஊருக்கு ஒருத்தி சலங்கை கட்ட வந்தாள், இன்னொருத்தி உயிர் தப்ப வந்தாள்.

இருபது வருடம் கழித்து மாதங்கி மறுபடி சென்னைக்கு வந்தார். அமெரிக்கா விசா தர இழுத்தடித்த 2006-ம் வருடம் அது. அங்கே முடிக்க நினைத்த இரண்டாவது ஆல்பத்தை நாடு நாடாகப் போய்ப் பதிவு செய்தார். முக்கியமான பகுதிகள் சென்னையில். உறுமி மேளத்தை அந்தப் பதிவுகளில் கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கத் தோலை வளைகுச்சி உரச, அது அடிவயிற்றிலிருந்து முனகும். கோவில் கொடைகளில், சாவு வீடுகளில் நாம் கேட்டு வளர்ந்த சத்தம். அதையே லண்டன் நடன அரங்குகளுக்கு ஏற்றுமதி செய்தார். முதல் ஆல்பத்துக்குத் தந்தையின் பெயரை வைத்திருந்தவர், இதற்குத் தாயின் பெயரான ‘கலா’வை வைத்தார்.

‘பேப்பர் பிளேன்ஸ்’ அந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது. விசாவுக்காகக் காத்திருந்த எரிச்சலில் பிறந்த பாட்டு. பல்லவியில் நான்கு துப்பாக்கி வெடிகள், அடுத்து கடைக் கல்லாப்பெட்டி திறக்கிற மணி. குடியேறி வருபவனைப் பார்த்ததும் பணக்கார நாடு எதை நினைத்துப் பயப்படுகிறதோ, அதை அப்படியே சத்தமாக்கிக் கொடுத்திருந்தார். எம்டிவி அந்த வெடிச் சத்தத்தை எடுத்துவிட்டு ஒளிபரப்பியது. டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியில் பாடியபோதும் வெடி மழுங்கடிக்கப்பட்டது. அமெரிக்க ராப் பாட்டுகளில் துப்பாக்கி புதிதல்ல. இது யாருடைய கையில் இருந்தது என்பதுதான் உறுத்தியது.

இங்கேதான் பின்னணி என்கிற விஷயம் விஸ்வரூபம் எடுக்கிறது. மேற்கத்தியப் பத்திரிகைகள் பலவும் அவரைப் ‘புலியின் மகள்’ என்று எழுதின. அருளர் புலி இல்லை. ஈரோஸ் தனி இயக்கம், தனிச் சிந்தனை. 1977 கலவரத்தில் உடைமை இழந்த தமிழர்களைக் கப்பலேற்றி அனுப்பிய கதையை ‘லங்கா ராணி’ என்று நாவலாக எழுதியவர் அவர். இந்த வித்தியாசமெல்லாம் நியூயார்க்கில் யாருக்கும் தேவைப்படவில்லை. 2008-ல் இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்ட அமெரிக்க ராப் பாடகர் டிலான், மாதங்கி புலிகளை ஆதரிக்கிறார் என்று குற்றம்சாட்டிப் பாட்டே வெளியிட்டார். பயங்கரவாதத்தை ஆதரிக்கவில்லை என்று மாதங்கி மறுத்தார். பொதுமக்களைக் கேடயமாக்கிய புலிகளின் செயலைப் பற்றி அவர் போதுமான அளவு பேசவில்லை என்ற விமர்சனமும் உண்டு. நியாயமான விமர்சனம்தான். ஆனால் ஒரு பாடகி பேசாமல் விட்டதைக் கணக்குப் பார்த்தவர்கள், அவர் பேசியதைக் கேட்கவேயில்லை என்பது என் தீராத வருத்தம்.

2009-ன் நாட்களை வரிசையாகப் பாருங்கள்.

ஜனவரி 25. முல்லைத்தீவு நகரம் ராணுவத்திடம் விழுந்தது. லட்சக்கணக்கான மக்கள் கடற்கரையை நோக்கி நெருக்கப்பட்டார்கள். அந்த மாதமே மாதங்கி அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் தோன்றி, இலங்கையில் தமிழர்களுக்கு நடப்பது இனப்படுகொலை என்றார்.

ஜனவரி 29. சென்னை நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன் வாசலில் முத்துக்குமார் என்ற இளம் பத்திரிகையாளர் போரை நிறுத்தக் கோரித் தீக்குளித்தார்.

பிப்ரவரி 8. லாஸ் ஏஞ்சலீஸ். பிரசவத்துக்கு மருத்துவர் குறித்த தேதி அன்றுதான். நிறைமாத வயிற்றோடு கிராமி மேடையில் அமெரிக்காவின் முன்னணி ராப் பாடகர்கள் நால்வருக்கு நடுவில் மாதங்கி நின்றார். விருது அவருக்குக் கிடைக்கவில்லை. சில நாட்களில் மகன் பிறந்தான்.

பிப்ரவரி 12. லண்டனிலிருந்து போன முருகதாசன் ஜெனீவாவில் ஐ.நா. அலுவலகத்தின் முன் தன்னைக் கொளுத்திக்கொண்டார்.

அதே மாதம் நியூயார்க் டைம்ஸ் மாதங்கியைப் பற்றிக் கேட்டபோது, இலங்கையின் அப்போதைய வெளியுறவுச் செயலர் பாலித கொஹொன சொன்ன பதிலின் சாரம்: அவருக்குத் தவறான தகவல் கிடைத்திருக்கிறது. அவர் இசையோடு நிற்கட்டும், அரசியல் வேண்டாம்.

பிப்ரவரி 22. ஆஸ்கர் மேடை. ‘ஓ சாயா’வை ரஹ்மான்தான் பாடினார். பிள்ளை பெற்ற சில நாளில் மாதங்கி வரவில்லை. ‘ஜெய் ஹோ’ ஜெயித்தது. ரஹ்மான் இரண்டு சிலைகளோடு இறங்கினார், அந்த மேடையில் தமிழும் ஒலித்தது. ஊரே பட்டாசு வெடித்தது. கடலுக்கு அந்தப் பக்கம் வேறு வெடி.

இப்போது ஜெனீவாவுக்குத் திரும்புவோம். முருகதாசன் எரிந்த அதே நகரத்தில், ஐ.நா. வளாகத்துக்குப் பக்கத்திலேயே, ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கிறது. யூரோவிஷனை நடத்துகிறவர்கள் அவர்கள்தான். அடுத்த மாதம், மார்ச் 10-ம் தேதி, அங்கே ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது.

அந்த வருடப் போட்டி மாஸ்கோவில். ஏழு மாதம் முன்புதான் ரஷ்யா ஜார்ஜியாமீது போர் தொடுத்திருந்தது. ஜார்ஜியா அனுப்பிய பாட்டு எழுபதுகளின் டிஸ்கோ பாணியில் துள்ளலான ஆங்கிலப் பாட்டு. பெயர் ‘வி டோன்ட் வான்னா புட் இன்’. வேகமாகப் பாடினால் ரஷ்யப் பிரதமரின் பெயர் காதில் விழும். போட்டி விதி அரசியல் வரிகளைத் தடை செய்கிறது, வரிகளை மாற்றுங்கள் அல்லது வேறு பாட்டு கொடுங்கள் என்று ஒன்றியம் கேட்டது. ஜார்ஜியா மறுத்துப் போட்டியிலிருந்து விலகியது.

விதி விதிதானே என்று தோன்றலாம். ரஷ்யா யாரை மேடையேற்றியது என்று பாருங்கள். கீவ் நகரில் பிறந்த உக்ரைன் பெண் அனஸ்தாசியா பிரிகோட்கோ. பாட்டு ‘மாமோ’, பாதி ரஷ்ய மொழி, பாதி உக்ரைன் மொழி. இசையமைத்த கான்ஸ்டான்டின் மெலாட்ஸே ஜார்ஜியாவில் பிறந்தவர். போர் முடிந்த சூட்டில், உக்ரைன் குரலும் ஜார்ஜிய இசையும் ரஷ்யக் கொடியின் கீழ்! இதைவிடக் கூர்மையான அரசியல் அறிக்கை எது? ஆனால் வரிகளில் ஒன்றுமில்லை, அம்மாவிடம் அழுகிற ஒரு பெண்ணின் பாட்டு. விதிப் புத்தகம் வரிகளை மட்டுமே படிக்கும். யார் பாடுகிறார், யார் அனுப்புகிறார் என்பதைப் படிக்காது. அரசுகள் இதை வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டன. இஸ்ரேல் அந்த வருடம் நோவா என்ற யூதப் பாடகியையும் மீரா அவாத் என்ற பாலஸ்தீனப் பாடகியையும் ஜோடியாக அனுப்பியது. ஜனவரியில்தான் காஸாவில் குண்டு பொழிந்திருந்தது. போகாதே என்று மீராவுக்குக் கோரிக்கை மனுவே போனது. அவர் போனார்.

இந்த மேடைக்குப் பாடகர்கள் தாமாக வர முடியாது. ஒரு நாட்டின் ஒலிபரப்பு நிறுவனம் அனுப்ப வேண்டும். நாடு இருந்தால்தான் நுழைவாயில். மாதங்கிக்கு எந்த நிறுவனம் சீட்டு எழுதியிருக்கும்? பிபிசியா? இலங்கை அரசின் ரூபவாஹினியா? அதனால்தான் அவர் கிராமி, ஆஸ்கர், தொலைக்காட்சிப் பேட்டி என்று தனிமனிதராகக் கிடைத்த வாசலிலெல்லாம் தட்டினார்.

மே 16, சனிக்கிழமை.

சென்னையில் அன்று நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. திருவான்மியூர் தெற்கு மாட வீதியில் நான் டீ குடிக்க நின்ற கடையில் தொலைக்காட்சி காலையிலிருந்து அணையவில்லை. தென்சென்னையை அ.தி.மு.க. பிடித்தது. சிவகங்கையில் ப.சிதம்பரம் தோற்றாரா ஜெயித்தாரா என்பது மாலைவரை இழுத்தது. திரையின் அடியில் ஓடிய செய்தி வரியில் முள்ளிவாய்க்கால் வந்து வந்து போனது. ஜோர்டானில் இருந்த மகிந்த ராஜபக்ச, புலிகளை வென்றுவிட்டதாக அன்றுதான் அறிவித்தார்.

லண்டனில் போரை நிறுத்தக் கோரி ஏப்ரல் 6 முதல் நாடாளுமன்றச் சதுக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழர்கள் அன்றும் அங்கேயே இருந்தார்கள். இந்திய நேரம் நள்ளிரவு 12.30-க்கு மாஸ்கோ ஒலிம்பிஸ்கி அரங்கில் இறுதிப் போட்டி தொடங்கியது. பிரிட்டனின் பாடகி ஜேட் யூவெனுக்கு மேடையிலேயே பியானோ வாசித்தவர் ஆண்ட்ரூ லாய்டு வெப்பர். ‘பாம்பே ட்ரீம்ஸ்’ மூலம் ரஹ்மானை லண்டன் நாடக மேடைக்கு அழைத்துப் போனவர் அவரேதான். பெலாரஸின் மின்ஸ்க் நகரில் பிறந்து, சிறுவயதில் நார்வேயில் குடியேறிய அலெக்சாண்டர் ரைபாக் என்ற இளைஞர், வயலினோடு வந்து 387 புள்ளிகள் குவித்தார். அதுவரை யாரும் எடுக்காத எண்ணிக்கை. குடியேறி வந்த பிள்ளையை ஐரோப்பா தோளில் தூக்கிக் கொண்டாடியது.

மே 18-ம் தேதி முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கக்கூடும் என்ற மதிப்பீட்டை ஒதுக்கிவிட முடியாது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் எழுதியது.

இந்த இடத்தில் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். பின்னால் ஓர் அரசு நின்றால்தான் துக்கம் மேடையேறும், அரசு இல்லாதவன் பாடினால் அது அரசியல் என்று கதவடைக்கப்படும். பல வருடம் இதை நம்பினேன்.

2016-ல், ஸ்டாக்ஹோமில், அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அங்கே மேடையேற வந்தவர் தனி நாடு இல்லாத ஓர் இனத்தின் மகள். ஸ்டாலின் காலத்தில் அவருடைய கொள்ளுப்பாட்டியைக் குழந்தைகளோடு ரயிலேற்றி மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தியிருந்தார்கள். பாட்டின் தலைப்பே ஒரு வருடம்: ‘1944’. மாஸ்கோவிலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. ஜெனீவாவில் அதே விதிப் புத்தகம் மறுபடி திறக்கப்பட்டது. ஜார்ஜியாவுக்கு மூடிய கதவு இவருக்கு என்ன ஆனது?

அடுத்த வாரம்.