திமிர்வாதமும் தவிடும்

கால் திமிர்த்தல், உள்ளங்காலில் எறும்பூர்வது போன்ற உணர்வு, ஊசியாற் குத்தினும் அறியாமை, பின்னர் நடை தளர்தல் ஆகிய குறிகளை நம் வைத்திய மரபு வாதத்தின்பாற் படுத்தும். நொச்சியிலை வேது பிடித்தலும், தைலம் பூசி உருவுதலும், ஒற்றடமிடுதலும் நம்மூர்ப் பரிகாரியார் இவற்றுக்குச் செய்துவந்த முறைகளாம். மேனாட்டு மருத்துவர் இதனை நரம்பழற்சி என்பர். நரம்பழற்சிக்குக் காரணம் பல. அவற்றுள் ஒன்று, அரிசியுண்ணும் நாடுகளிலே பல்லாயிரவரைக் கொன்ற பெரிபெரி என்னும் நோய். இப்பெயர் ‘இயலாது’ எனப் பொருள்படும் சிங்களச் சொல்லின் இரட்டிப்பு என்பர் அகராதியாசிரியர் பலர்.

இந்நோயைக் கண்டெழுதிய ஐரோப்பியருள் முற்பட்டவர் பத்தாவியாவில் ஒல்லாந்தர்க்கு மருத்துவராயிருந்த பொந்தியசு. அவர் 1631இல் இறந்தார். நூல் 1642இல் வெளிவந்தது. பெரிபெரி என்பது ஆட்டைக் குறிக்குமென்றும், நோயாளர் ஆடுபோல நடத்தலின் அப்பெயர் வந்ததென்றும் அவர் எழுதினார். சொல்லாராய்ச்சியினும் அவர் கூறிய சிகிச்சையே நமக்குச் சுவை தருவது. கைகால்களை அழுத்தித் தேய்த்து, லகொந்தி என்னும் மூலிகையால் வேது பிடிக்கச் சொன்னார். லகொந்தி நம் நொச்சியின் இனமே. யாவாவிலும் யாழ்ப்பாணத்திலும் மரத்த காலுக்கு ஒரே தழையைக் கொதிக்க வைத்திருக்கின்றனர்! வேது வலியை ஆற்றியிருக்கலாம். ஆயின் இந்நோயின் வேர் காலிலன்று, கலத்திலே கிடந்தது.

அதனை ஓரளவு உய்த்துணர்ந்தவர் இலங்கையிலே படை மருத்துவமனைகளை மேற்பார்த்த கிறிஸ்ரி. சத்துள்ள உணவின்மையே காரணமாகும் என 1804இல் அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். அக்கருத்தைப் பின்வந்தோர் போற்றவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் பெருகின. உமியோடு தவிடும் நீங்கிய வெள்ளரிசி படைக்கும் சிறைக்கும் சுரங்கத்துக்கும் சென்றது. நோயும் உடன் சென்றது. பத்தாவியாவில் ஆராய்ந்த ஐக்மன், மருத்துவமனையில் எஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்தலையும், தீட்டாத அரிசியிட்டபின் எழுந்து நடத்தலையும் கண்டார். அவர் நண்பர் வோர்டர்மன் யாவாவின் 101 சிறைகளை ஆராய்ந்து 1897இல் கணக்குரைத்தார்: வெள்ளரிசி உண்டோருள் 39 பேருக்கு ஒருவர் நோயுற்றார், தீட்டாத அரிசி உண்டோருள் ஏறக்குறைய 10,000 பேருக்கு ஒருவர். அரிசியிலுள்ள நஞ்சினைத் தவிடு முறிக்கின்றது என ஐக்மன் கருதினார். நஞ்சு எதுவுமில்லை, உடலுக்கு வேண்டிய ஒரு பொருளே இல்லாமற் போயிற்று என 1901இல் விளக்கியவர் கிரைன்ஸ். 1929இல் நோபெற் பரிசு பெற்றோருள் ஐக்மன் ஒருவர், கிரைன்ஸ் பெற்றிலர். இது பெருங்குறையே என்பது எம் கருத்து.

இனி மலாயாவுக்கு வருவோம். அங்கே ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் சீயத்து வெள்ளரிசியை உண்டு பெருந்தொகையினராய் மடிந்தனர். அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்க்கு இந்நோய் பெரும்பாலும் அணுகவில்லை. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராயிருந்த பிறாடன் இவ்வேற்றுமையை உற்றுநோக்கி, தமிழர் உண்பது அவித்த நெல்லின் அரிசி என்பதே காரணமென 1907இல் நூலெழுதினார். வெள்ளரிசியில் நஞ்சுண்டு என அவரும் நம்பினார். காரணம் பிழைத்தும் பரிகாரம் பிழையாத இத்தகைய நிகழ்ச்சிகள் மருத்துவ வரலாற்றில் அரியனவல்ல.

பிறாடனின் கூற்றைச் சோதிக்கப் புகுந்த பிளெச்சர், 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனை நோயாளரை வரிசையாக நிறுத்தி, ஒருவர் விட்டு ஒருவராக இரு கூறாக்கினார். ஒரு கூற்றுக்கு வெள்ளரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. இடத்தின் குற்றமோ என்னும் ஐயம் நீங்க, இடையில் இரு சாராரின் கூடங்களையும் மாற்றினார். வெள்ளரிசி உண்டோருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோருள் ஒருவரும் அந்நோயால் இறந்திலர். தம் கலத்தில் எது இடப்படுமெனத் தெரிவு செய்ய இயலாதார்மேல் நடந்த சோதனை இது. அதன் பயனைப் பாராட்டுவோர் அப்பதினெண்மரையும் எண்ணுதல் தகும். பிறேசரும் ஸ்ரான்டனும் வீதி அமைக்கும் யாவாத் தொழிலாளரிடத்து நடத்தி 1909இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் அம்முடிவையே உறுதிப்படுத்தியது.

அவித்தலால் நேர்வது யாது? நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைக்குங்கால், தவிட்டுப் படலத்திலும் முளையிலும் உள்ள உயிர்ச்சத்து நீரிற் கரைந்து மணியின் உள்ளே செல்கின்றது. பின்பு காயவைத்துக் குற்றித் தீட்டினும் அதில் ஒரு பகுதி அகத்தே தங்கிவிடும். நெல்லவித்துப் பாயிற் பரப்பிய நம் பாட்டிமார் உயிர்ச்சத்தை அறியார். அரிசி உடையாது, வண்டரியாது என்பனவே அவர் கண்ட பயன்கள். உயிர்காக்கும் பயன் கேளாமலே வந்து சேர்ந்தது.

பயறும் இவ்வாறே. யாவாவில் ஒரு மனநோய் மருத்துவமனையில், பாசிப்பயறு கொடுத்து இந்நோயைத் தடுக்கலாமென 1902இல் ஹுல்சொஃப் பொல் காட்டினார். 1926இல் யான்சென், டொனாத் என்போர் பத்தாவியாவிலேயே அரிசித் தவிட்டிலிருந்து அச்சத்தைப் பளிங்காகப் பிரித்தெடுத்தனர். அதுவே விற்றமின் பி1, அஃதாவது தயமின். மாட்டுத் தொட்டிக்குப் போன தவிடு அன்றுதொட்டு மருந்துப் பெட்டியுட் புகுந்தது.

எனினும் தவிடு எல்லாத் திமிருக்கும் மருந்தாகாது. இக்காலத்தில் கால் மரத்தலுக்குப் பெருங்காரணம் நீரிழிவு. தொழுநோயாலும் விற்றமின் பி12 குறைவாலும் உணர்வு கெடும். மிகுமதுவோ தயமினையே குறைத்து நரம்பைக் கெடுக்கும். கால் மரத்தவர்க்கு நொச்சி வேதுக்கு முன் இரத்தச் சோதனை வேண்டும். உணர்வற்ற காலில் வெந்நீரின் சூடு தெரியாமையால் தோல் வெந்து புண்ணாதலும் உண்டு.